ஈரல் தைக்கும் நேரம்

மதியம் தாண்டியும் ஆபரேஷன் அறைக் கதவு திறக்கவில்லை. கறிக்கடைக்காரன் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். உள்ளே இருப்பது அவன் அப்பா.

டாக்டரம்மா முந்தின நாளே விளக்கியிருந்தார். பித்தக்குழாயில் புற்றுநோய், ஈரலில் பாதியோடு சேர்த்து வெட்டி எடுத்து, மிச்ச ஈரலோடு குடலை இழுத்துத் தைக்க வேண்டும், எண்பதை நெருங்கும் உடம்பு, இரத்தம் கொட்டினால் தாங்காது. அவன் காதில் விழுந்தது பித்தம் என்ற ஒரு சொல்தான். ஈரலிலிருந்து பித்தப்பையைப் பிரிப்பது அவனுக்குத் தினசரி வேலை. ஒரு கீறல், ஒரு இழுப்பு, முடிந்தது.

"ஒரு பித்தப்பை எடுக்க இவ்வளவு நேரமா? செத்துட்டாரு. நம்மகிட்ட மறைக்கிறாங்க," என்றான் தங்கையிடம்.

"வாயைக் கழுவுண்ணா. ஆடும் அப்பாவும் ஒண்ணா?"

"ஈரல் ஈரல்தானே!"

"வெட்டின ஆட்டை என்னைக்காவது திருப்பித் தைச்சிருக்கியா நீ?"

அவன் ஆபரேஷன் அறைக் கதவை நோக்கிப் பாய்ந்தான். பதில் வராதபோதெல்லாம் கை முந்திக்கொள்வது அவன் சுபாவம். தடுக்க வந்த காவலாளியைச் சட்டையோடு பிடித்துச் சுவரில் மோதினான். மூக்கு உடைந்து இரத்தம் தெறித்தது. அடுத்த குத்து கதவுக் கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி நொறுங்கி, முழங்கை வரை சதை பிளந்தது. யாருடையதோ போல அதைப் பார்த்துவிட்டு, ஓட்டை வழியே "அப்பா!" என்று அலறினான்.

உள்ளிருந்து நர்ஸ் ஓடிவந்தாள்.

"யோவ், உயிரோடதான்யா இருக்காரு! ரத்தக்குழாய்ல தையல் ஓடுது. உன் சத்தத்துல அந்தம்மா கை ஆடிச்சுன்னா, உங்கப்பனைக் கொன்னது நீதான்!"

அவன் வாய் பட்டென்று மூடிக்கொண்டது. பின்னாலிருந்து காவலாளி பிடரியில் அறைந்தார். விலாவில் எட்டி உதைத்தார். காயம்பட்ட கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. முனகல்கூட வரவில்லை. அடிப்பவருக்கே கை சலித்தது. தங்கை துப்பட்டாவைக் கிழித்து அவன் கையில் இறுக்கிக் கட்டினாள். அப்போதும் சத்தமில்லை. மூவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பொழுது சாயும்போது டாக்டரம்மா வெளியே வந்தார்.

"தாங்கிட்டார். ஆனா இந்த வயசுல தையல் கசியலாம். கொஞ்ச நாள் பயந்துகிட்டுதான் இருக்கணும்."

தங்கை ஓவென்று அழுதாள்.

காவலாளி வீங்கிய மூக்கைத் தடவிக்கொண்டு, "இப்பக் கத்திக்கடா," என்றார்.

அவன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.