மாதா பாதத்தில் வைத்த டிஸ்கெற்

எங்கள் வீட்டுக் கொம்பியூட்டருக்கு வைரஸ் பிடித்ததும் இவருக்கு முதல் சந்தேகம் என் தம்பி டெனிஸ்டன் மேல்தான் வந்தது. யாரோ பாவித்துக் கழித்த பெட்டி அது. இயக்கினால், அது எழும்புவதற்குள் தேநீர் போட்டுக் குடித்துவிடலாம். அதில்தான் இவர் கேவலார் மாதா யாத்திரைக்குச் செபப் புத்தகம் அடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருக்கும் கெல்சென்கிர்ச்சன் நகரில் கொம்பியூட்டரில் தமிழ் அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் மரியரட்ணமாகிய தான்தான் என்று என் மனுசனுக்கு ஒரு நினைப்பு.

ஒருநாள் பார்த்தால், 'அருள் நிறைந்த மரியே' இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ கிடக்கிறது. இவர் தலையில் கைவைத்துவிட்டார்.

டெனிஸ்டன் எங்களோடு சின்ன அறையில் இருந்தான். மின்வேலைக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தவன், கொம்பியூட்டரும் கொஞ்சம் பழகியிருந்தான். எல்லாவற்றையும் அழித்து, புதிதாக ஏற்றித் துப்புரவாக்கிக் கொடுத்தான். கொஞ்ச நாள்தான், வைரஸ் திரும்ப வந்து குந்திக்கொண்டது. மறுபடி துடைத்தான். மறுபடி வந்தது.

"இது தானா வாற சாமானில்லை பிளோறன்ஸ். ஆரோ கொண்டுவந்து விடுறான்," என்றார் இவர்.

"ஆரைச் சொல்லுறியள்?"

"துடைக்கிறவன் ஆர்? நோய் வருத்தம் வந்தால்தானே பரியாரிக்கு மரியாதை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்றாலும் சந்தேகம் பொல்லாத சாமான். தம்பி குளிக்கப் போன நேரம் நானே அவனுடைய பையைத் திறந்து பார்த்தேன். வேலைக் கையுறையும் பாதி தின்ற பாணும்தான் இருந்தன. சீ என்று போய்விட்டது.

அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அத்தான், உங்கட தமிழ் எழுத்து டிஸ்கெற்றை ஒருக்காத் தாங்கோ. அதையும் பாப்பம்."

அழித்து ஏற்றும்போதெல்லாம் தமிழ் எழுத்துகளும் சேர்ந்து அழிந்துபோகும். உடனே இவர் அலுமாரியிலிருந்து அந்த டிஸ்கெற்றை எடுத்து, நெற்றியில் சிலுவை போட்டு, தன் கையாலேயே உள்ளே தள்ளுவார். வீட்டில் வேறு யாரையும் தொடவிடார். போன யாத்திரையில் அதைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, மாதா பாதத்தில் வைத்து, சுவாமியாரைக் கொண்டு தீர்த்தமும் தெளிப்பித்து வந்தவர். வந்த பிறகு ஊர்ச்சனம் எல்லாம் அதை இரவல் வாங்கி, தங்கள் கொம்பியூட்டருக்கும் தமிழ் ஏற்றிவிட்டுத் திருப்பித் தந்தார்கள்.

"மாதா பாதத்திலை வைச்சு எடுத்தது. அதுக்குள்ளை வைரஸ் எண்டு சொல்ல உனக்கு வாய் வருதோ?" இவர் கத்தினார். "இன்னொருக்கா வரட்டும், இந்த வீட்டிலை ஒண்டில் நான், இல்லாட்டி நீ!"

தம்பி கடைசி முறையாகத் துடைத்துக் கொடுத்தான். தன் சாவிக்கொத்திலிருந்து வீட்டுத் திறப்பைக் கழற்றி, கொம்பியூட்டருக்கு மேலே கிடந்த செபமாலைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அக்கா, நான் ஹம்மிலை என்ரை சிநேகிதன் வின்சன்ற் வீட்டை போய் நிக்கிறன். இனியும் வந்தால் நானில்லையெண்டு அத்தானுக்குத் தெரியட்டும்."

பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான். இவர் கொம்பியூட்டர் அறையைப் பூட்டி, திறப்பைத் தன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை இவரே திறந்தார். வழக்கம்போல் டிஸ்கெற்றைப் போட்டுத் தமிழ் ஏற்றினார். ஒரு பக்கம் அடித்தார். பிறகு தம்பி விட்டுப்போன வைரஸ் தேடும் புரோகிராமை ஓடவிட்டார். சிவப்பில் அதே பெயர் வந்து நின்றது.

இவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "நீ உள்ளுக்கு வந்தனியோ?"

"ஐயோ ஆண்டவரே! திறப்பு உங்கட பொக்கற்றுக்கை. நான் என்ன சுவராலை வந்தனானோ? அந்த டிஸ்கெற்றுக்குள்ளை தேடிப் பாருங்கோ!"

"அது மாதா..."

"மாதாவுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். தேடுங்கோ!"

பெட்டி கரகரவென்று முனகியது. டிஸ்கெற்றிலும் அதே சிவப்புப் பெயர். துடைத்த ஒவ்வொரு முறையும் இவரே தன் கையால் வைரஸைத் திரும்ப ஏற்றியிருக்கிறார்.

இவர் டிஸ்கெற்றை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். பிறகு, "நீ போன் எடுத்துச் சொல்லன் அவனுக்கு," என்றார்.

"பழி சொன்னது உங்கட வாய். நீங்களே எடுங்கோ."

எடுத்தார். ஞாயிறு பூசை முடிய டெனிஸ்டன் வந்தான், வாசலில் மணி அடித்துவிட்டு. கொம்பியூட்டர் அறைக் கதவடியோடு நின்றுகொண்டான். மேற்சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"உள்ளுக்கு வாவன் தம்பி."

"வேண்டாம் அத்தான். நான் இங்கை நிண்டு சொல்லுறன், நீங்களே அமத்துங்கோ."

அப்படியே நின்று ஒவ்வொன்றாகச் சொன்னான். இவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமத்தினார். பெட்டியும் சுத்தம், டிஸ்கெற்றும் சுத்தம். இவர் எழும்பி, செபமாலையடியில் கிடந்த வீட்டுத் திறப்பை எடுத்து நீட்டினார்.

"இந்தா தம்பி. உன்ரை அறை அப்பிடியே கிடக்கு."

"உங்களிட்டையே இருக்கட்டும் அத்தான். நான் வந்தால் மணி அடிக்கிறன்."

என் கையால் ஒரு வாய்த் தேநீர் குடித்துவிட்டு அவன் படியிறங்கினான். இவர் நீட்டிய திறப்போடு அப்படியே நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்தப் பெட்டியைத் தூக்கி யன்னலால் எறிந்திருப்பேன்.