ஒன்பது பாகத்தில் கடல்தாரகை

ஒன்பது பாக ஆழத்தில், மணலும் கல்லும் கலந்த நிலத்தில், கடல்தாரகை வலப்பக்கம் சரிந்து கிடந்தது. சுழியோடி அடிக்கு இறங்கிய மரியநேசனின் கண்ணில் முதலில் பட்டது முன்பக்க அணியத்தில் இருந்த வெடிப்பு. தோள்வரை கையை விடலாம், அவ்வளவு பெரிது. ஐந்து கிழமையாக அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது இதைத்தான். குடித்துவிட்டு வழியில் கல்லில் ஏற்றினான் றொமேஸ்.

கடல்தாரகை மற்ற நாட்களில் களப்பைக் கடந்து ஆக்களை ஏற்றி இறக்குகிற வள்ளம். மாதா திருநாளன்று மட்டும் சொரூபத்தையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு கடல்வழியே மாதாவின் கெபிக் கோயிலுக்குப் போகும். நடுவழியில் நின்று, கடலில் போனவர்களுக்காகப் பூப்போடும். இந்த வருசம் பூப்போட நின்ற இடத்திலேயே கவிழ்ந்தது. பதினாலு பேர் போனார்கள். அதில் ஒருத்தி மரியநேசனின் மனைவி சுசிலா. ஒருவன் வள்ளத்தின் ஓட்டி றொமேஸ்.

அன்றைக்கு மரியநேசன் கெபியில் பந்தல் கட்டிக்கொண்டு நின்றான். அடக்கத்தின்போது பெட்டிகளுக்கு முன்னால், "ஓட்டினவன் நிதானத்தில இருந்திருந்தால் இவ்வளவு சனம் போயிராது" என்று சொன்னவனும் அவன்தான். றொமேஸ் குடித்ததை யாரும் காணவில்லை. ஆனால் பெண்சாதியைப் பறிகொடுத்தவனோடு யார் வாதாடுவது? முப்பத்தோராம் நாள் பூசையில் பதின்மூன்று படங்கள்தான் வைத்தார்கள். றொமேஸின் மனைவி ஜெயரூபினி தான் கொண்டுவந்த படத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு திரும்பிப் போனாள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி யதுர்ஷிகா, கண்டாவளைப் பக்கத்துப் பிள்ளை, சுழியோட ஆள் தேடியபோது மரியநேசன் முதல் ஆளாய் முன்னுக்கு வந்தான். அவள் தயங்கினாள். மனைவியை இழந்தவரை இறக்கலாமா? அவனோடு கடலட்டை பிடிக்கிற டிலக்ஸன்தான் பேசினான்.

"மிஸ், இவரை விட்டால் ஆளில்லை. மற்றவங்களை இறக்கினால் அட்டையைக் கண்டதும் உங்கட வேலையை மறந்திடுவாங்கள்."

அவள் சிரித்துவிட்டுக் கமராவை நீட்டினாள். "உடைஞ்ச இடத்தை மட்டும் எடுக்காதேங்கோ அண்ணை. உடையாத இடத்தையும் எடுங்கோ."

வெடிப்பைப் படமெடுத்தபின் மரியநேசன் குனிந்து பார்த்தான். வெடிப்புக்கு நேர்கீழே ஒரு கல். அதில் வள்ளத்தின் நீலப் பெயின்ற் அப்பியிருந்தது. அப்படியென்றால் வெடித்தது மேலே அல்ல. மூழ்கி வந்து இந்தக் கல்லின்மேல் விழுந்தபோதுதான் வெடித்திருக்கிறது.

அவன் பின்பக்கம் நீந்திப் போனான். அடியில், தரையோடு ஒட்டிய இடத்தில், தண்ணீர் வடிய விடுகிற துவாரம். பெருவிரலை விட்டான். விரல் உள்ளே போனது. தக்கை இல்லை. விளிம்பில் ஒரு கீறலும் இல்லை. அடிபட்டுக் கழலவில்லை, போடவே இல்லை. அப்படியே ஒரு மணித்தியாலம் ஓடியிருக்கிறது. மேல்தட்டுக்கு அடியில் தண்ணீர் ஏறியது ஒருவருக்கும் தெரிந்திராது. நின்ற இடத்தில் எல்லாரும் பூப்போட ஒரு பக்கம் சாய்ந்ததும், அடித்தண்ணீரும் சேர்ந்து உருண்டிருக்கும்.

'தக்கையைப் போட மறந்திட்டான்' என்று முதலில் நினைத்தான். கழற்றியது யார் என்று பிறகுதான் நினைத்தான்.

திருநாள் காலையில் வள்ளத்தைக் கரையில் வைத்துக் கழுவுவது பெண்கள். கழுவின பிறகு சொரூபம் ஏறும்வரை யாருடைய காலும் அதில் படக்கூடாது, ஓட்டியின் கால்கூட. கழுவுகிறவர்களுக்குத் தலைமை சுசிலா. வீட்டு வள்ளத்தைக் கழுவும்போதும் தக்கையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள். "உங்களிட்டத் தந்தால் மண்ணுக்குள்ள துலைப்பீங்கள்" என்பாள். தொழிலுக்கு இறங்கும்போது, "தக்கை எங்கையப்பா?" என்று அவன் கேட்பான். அவள் அதையும், அவன் கடலில் தின்ன ஒரு சரை கச்சான் கடலையையும் எடுத்துக் கொடுப்பாள். இருபத்திரண்டு வருசம் அப்படித்தான்.

அன்றைக்குக் கேட்க அவன் அங்கே இல்லை.

கமரா கையில் கிடந்தது. அவன் அந்தத் துவாரத்தை எடுக்கவில்லை. மேலே வந்தான்.

"பின்பக்கம் எடுத்தீங்களோ அண்ணை?" என்று யதுர்ஷிகா கேட்டாள்.

"காத்து முடிஞ்சுது மிஸ்."

டிலக்ஸன் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தான். பாதிக்கு மேல் இருந்தது. சிலிண்டரைத் துணியால் மூடினான்.

"சரி, நாளைக்கு எடுப்பம்" என்றாள் அவள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பொலித்தீன் பை அலுமாரிக்கு மேலே ஐந்து கிழமையாக முடிச்சு அவிழாமல் கிடந்தது. அன்று பின்னேரம் மரியநேசன் அதை இறக்கினான். உள்ளே சுசிலாவின் கைப்பை. சிப் துருவேறி இழுபட மறுத்தது. கத்தியால் கிழித்தான். லேஞ்சித் துணிக்குள் சுற்றி, பத்திரமாக, தக்கை இருந்தது.

அதைக் கையில் எடுத்தான். கடலில் எறிந்துவிடலாம். வெடிப்பின் படம் போதும், எல்லாரும் நம்புவார்கள். சுசிலாவின் பெயரை யாரும் எடுக்கமாட்டார்கள். பிறகு எழும்பிச் சேர்ட்டைப் போட்டான்.

ஜெயரூபினி கிணற்றடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். அவனைக் கண்டதும் கை நின்றது. அவன் லேஞ்சியைக் கிணற்றுக் கட்டில் வைத்துப் பிரித்தான்.

"கடல்தாரகையின்ர தக்கை, தங்கச்சி. சுசிலான்ர பைக்குள்ள கிடந்தது. நாளைக்கு அந்த ஓட்டையைப் படமெடுத்து, இதையும் சேத்து மிஸ்ஸிட்டக் குடுக்கிறன். கோயில்லயும் சொல்லுறன். றொமேஸைப் பற்றி நான் சொன்னது பொய்."

"சொல்லேக்கயே பொய்யெண்டு தெரியுமோ?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "அவன் குடிச்சதை நான் காணேல்லை."

அவள் தக்கையைத் தொடவில்லை. ஈரச் சட்டையொன்றைத் திரும்பத் திரும்பப் பிழிந்தாள். அதில் தண்ணீர் இல்லை.

"அவரும் ஒருக்காக் கேட்டிருக்கலாம், தக்கை எங்கையெண்டு" என்றாள். "சொரூபத்துக்குத் தோள் குடுத்துக்கொண்டு வந்த ஆள். மறந்திட்டார்."

"படத்தைத் தாங்கோ. நானே கொண்டுபோய்க் கோயில்ல வைக்கிறன்."

"இப்ப வேண்டாம் அண்ணை. முதல் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு வாங்கோ."

அவன் தலையாட்டிவிட்டு லேஞ்சியை மடித்தான். படலைவரை போனவனை அவளுடைய குரல் நிறுத்தியது.

"சுசிலாக்கான்ர பைக்குள்ள வேற என்ன கிடந்தது?"

"செபமாலை. சீப்பு." படலையைத் திறந்தான். "ஒரு சரை கச்சான். ஊறிப் பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு."

"கச்சானோ? அக்காவுக்குப் பல்லுக் கொதியெல்லோ. அவா தின்னிறேல்லையே."

"ஓம்" என்றான் மரியநேசன். "அவள் தின்னிறேல்லை."