பூட்டிக் கிடந்த கட்டடம்

ஆபிரிக்காவில், லோமே நகரத்துக் கடற்கரையில் ஒரு பழைய கட்டடம் பழம்பொருள் வைக்கும் நூதனசாலையாகிறதாம். அதன் வரலாற்றை இணையத்தில் போட்டிருந்தார்கள். 1908 மார்ச் 14ஆம் திகதி ஜேர்மன் வியாபாரிகள் அடிக்கல் நாட்டினார்கள். கீழே பாமெண்ணெய்ப் பீப்பாய்கள், மேலே கணக்கெழுதும் கந்தோர். பிறகு பிரெஞ்சுக்காரர் பிடித்துக் கொக்கோ மூட்டை அடுக்கினார்கள். கூரை மாற்றிய திகதிகூட இருக்கிறது. கடைசியில் ஒரு வரி: '1985 முதல் 2001 வரை பூட்டிக் கிடந்தது. எவரும் இருக்கவில்லை.'

எவரும் இருக்கவில்லையாம்! எனக்கு வந்த கோபத்துக்குப் போனை எறிந்திருப்பேன். 1993இல் அந்த மேல்மாடியில் யாழ்ப்பாணத்து ஆட்கள் பதினேழு பேர் கிடந்தோம். கனடாவுக்கென்று கூட்டிவந்த ஏஜென்ட் யன்னல்களுக்குப் பலகை அடித்து, வெளியே பூட்டி வைத்திருந்தான். பக்கத்துப் பாயில் படுத்த தில்லையம்பலம் மலேரியாவில் செத்துப்போனார். சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். வாயைத் திறந்தால் ஒருவருக்கும் கனடா இல்லை என்றான் ஏஜென்ட்.

நான் திறக்கவில்லை. இங்கே கனடாவில் அகதி விசாரணையில், கொழும்பிலிருந்து நேரே வந்ததாகச் சொன்னேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற தில்லையம்பலத்தின் மனைவி அருள்நாயகிக்கும் ஒரு பொய். "அவரை வேற ரூட்டால ஏத்தினவங்கள், வருவார்." பிறகு அருள்நாயகியும் தன் தமையனிடம் ரொறன்ரோ வந்துவிட்டார். கோயிலில் கண்டால் விசாரிப்பார். நான் கோயிலை மாற்றினேன். கடவுள் எங்கும் இருப்பார்தானே.

அன்று மத்தியானமே டோர்செட் பார்க்கில் அவருடைய அப்பார்ட்மெண்டுக்குப் போனேன். போனில் படத்தைக் காட்டினேன்.

"அக்கா, அவர் இதுக்குள்ளதான் மலேரியாக் காய்ச்சலில மோசம் போனவர். நான் பக்கத்தில இருந்தனான்."

அருள்நாயகி அக்கா அழவில்லை. படத்தைப் பெரிதாக்கினார்.

"எந்த யன்னல்?"

காட்டினேன்.

"என்ன திகதி? திவசம் செய்யவேணும், நவரட்ணம்."

அந்த இருட்டுக்குள் நாங்கள் நாள் எண்ணுவதை எப்போதோ விட்டிருந்தோம். கூரைக்கே திகதி வைத்திருக்கிறார்கள். பாவி நான், ஒரு மனிதனின் நாளைத் தொலைத்துவிட்டேன்.

"தெரியாதக்கா. மழைக்காலம்."

"தெரியாட்டி, செய்தி கேட்ட நாளைத்தான் வைக்கவேணும்." எழுந்துபோய்க் கலண்டரில் அன்றைய திகதியைச் சுற்றி வட்டம் போட்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"முப்பத்திரண்டு வரியம் வாசலைப் பாத்துக்கொண்டிருந்தனான். எழும்பிப் போம்."

கதவடியில் சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் தமையனுக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, அவர் இண்டைக்கு மோசம் போயிட்டார்."