மூன்று படங்களில் ஒரு சங்கிலி

குழந்தையின் சங்கிலி தொலைந்த நாளிலிருந்து திம்மராயனுக்கு யாரைப் பார்த்தாலும் கைதான் முதலில் கண்ணில் பட்டது. மகளின் முதல் பிறந்தநாளுக்கு மூக்கண்டப்பள்ளி வீடு கொள்ளாத கூட்டம். ஆனாலும் மனசு சுற்றிச் சுற்றித் தம்பி சின்னராஜின் மனைவி பாப்பம்மாவிடமே போய் நின்றது. ஒரே வீட்டில் இருப்பவள். அன்றைக்குக் குழந்தையை அதிகம் தூக்கி வைத்திருந்தவளும் அவள்தான். சந்தேகத்துக்கு இதைவிட வேறென்ன தீனி வேண்டும்!

சாட்சிக்கு ஒரு கேமரா இருந்தது. கம்பெனியில் மெஷின் மாட்ட வந்த ஜப்பான்காரர் கொடுத்தது. ஒருமுறை எடுத்துவிட்டுத் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் சாமான். பீரோவில் வருஷக்கணக்காகக் கிடந்ததைப் பிறந்தநாளன்று ஆளாளுக்கு அமுக்கினார்கள்.

"பிலிமு டேட்டு எப்பவோ போயிருச்சுங்க. வந்தா வரும், இல்லாட்டி இல்ல," என்றார் ஸ்டுடியோ அக்பர் பாஷா. இந்த மாதிரிக் கேமராவை அவர் தொடுவதே முதல்முறை. பெட்டியை உடைத்துப் பிலிமை எடுத்துக் கழுவினார்.

மூன்றே படங்கள் தேறின. அவையும் செங்கல் தூள் பூசியதுபோல் சிவந்து கிடந்தன. நெகட்டிவ் ஓரத்து எண்படி வரிசையாக அடுக்கிக் கொடுத்தார். முதலில் திம்மராயன் தோளில் குழந்தை, கழுத்தில் சங்கிலி. அடுத்தது பாப்பம்மா இடுப்பில், அவள் மார்பில் முகம் புதைத்தபடி. மூன்றாவதில் திம்மராயனின் மனைவி சாந்தம்மா மடியில், வெறுங்கழுத்து.

வீட்டுக்கு வந்ததும் படங்களைத் தம்பி முன்னால் போட்டான்.

"நீயே பாரு சின்னராஜு. என்கிட்ட இருந்தப்ப இருக்குது. உம் பொண்டாட்டி கைக்குப் போயி வந்தப்புறம் இல்ல."

சின்னராஜ் படங்களைத் திருப்பி நீட்டினான். "அண்ணா, இதுக்கு மேல இங்க சோறு தின்னா நான் மனுசனில்ல."

பாப்பம்மா ஒரு சொல் பேசவில்லை. அந்த மௌனத்தையும் திம்மராயன் குற்றக் கணக்கிலேயே சேர்த்தான். மறுநாள் இருவரும் அஞ்செட்டியில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். கூடப் பிறந்தவன் ஒருவன்தான்; அவனும் போய்விட்டான் என்பது வலித்தாலும், நியாயம் தன் பக்கம் என்று தேற்றிக்கொண்டான்.

உறவுக்காரர்களிடம் காட்ட இன்னொரு பிரதி கேட்டு ஸ்டுடியோவுக்குப் போனபோது அக்பர் பாஷா முகம் சரியில்லை.

"தப்பு நடந்துருச்சுங்க. அந்த வரிசை தலைகீழு."

"என் தம்பி வந்து ஏதாச்சும் சொல்லிட்டுப் போனானா பாய்?" என்றான் திம்மராயன்.

பாஷா வேறொரு நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தார். "இது இன்னொருத்தரு கொண்டாந்தது, அதே மாதிரி கேமராதான். நம்பர்படி பாருங்க. வெட்டுன கேக்கு முன்னாடி, முழுக் கேக்கு பின்னாடி! கம்பெனிக்காரன் பிலிம முன்னாடியே முழுக்க வெளிய இழுத்துச் சுத்தி வச்சிருக்கான். எடுக்க எடுக்க திரும்ப டப்பாக்குள்ள போவுது. கடைசி நம்பருதான் முதல் போட்டோ."

திம்மராயன் படங்களைத் திருப்பி அடுக்கினான். முதலில் சாந்தம்மா மடி. அப்போது சங்கிலியே போட்டிருக்கவில்லை. பிறகு பாப்பம்மா. கடைசியில், சங்கிலியோடு, அவனுடைய தோள். விழா முடிந்து மாமனாரை பஸ் ஏற்றிவிடத் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஷிப்டு விட்ட கூட்டத்தில் இடிபட்டு நின்றது நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்றே அஞ்செட்டிக்கு பஸ் ஏறினான். சின்னராஜ் வெளியே போயிருந்தான். பாப்பம்மா முன்னால் படங்களைப் பரப்பி, பிலிம் சுற்றும் விதம் வரை கையை ஆட்டி ஆட்டி விளக்கி, வீட்டுக்கு வரச் சொன்னான். அவள் முழுக்கக் கேட்டாள்.

"போட்டோ சரியாயிருச்சு, சந்தோசம் மாமா," என்றாள். "அந்த வரிசை அப்படியே இருந்து, அந்த பாய் ஒண்ணும் சொல்லாம போயிருந்தா, என்னைக் கூப்புட வந்திருப்பீங்களா?"

திம்மராயன் பரப்பியிருந்த படங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தான்.