தெரியாமல் எண்ணுவது

நோயாளி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று எண்ணுவதில் அவள் இரண்டு முறை தோற்றிருந்தாள். செவிலியர் கல்லூரியின் கடைசி ஆண்டுக்காரிக்கு இது வெட்கக்கேடுதான். வார்டில் அவள் எண்ணிக்கை பிசகியதே இல்லை. காணொளி வழியாக நோயாளியைப் பார்க்கும் தேர்வில் மட்டும், மதிப்பெண் போடும் செயற்கை நுண்ணறிவு ஒரே குறையைச் சொன்னது: ‘இது நோயாளியின் இயல்பான மூச்சு அல்ல.’ நோயாளியின் மார்பில் கட்டிய பட்டை அழைப்புக்கு முன்பிருந்தே மூச்சை அளந்துகொண்டிருக்கும். அவள் எண்ணத் தொடங்கியதும் மூச்சு மாறுவதை அது காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு என்ன செய்வது என்று மட்டும் சொல்லாது. இன்னொரு முறை தவறினால் ஆண்டு முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டும்.

மூச்சு விசித்திரமானது. கவனிக்காதவரை தானாக ஓடும். கவனித்தால் நம் கைக்கு வந்துவிடும். அதனால்தான் வார்டில் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் நின்று, ஓரக்கண்ணால் மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ணுவார்கள். திரைக்குள் கையை நீட்ட முடியுமா?

பழகிப் பார்க்க, லாரி மெக்கானிக்கான அண்ணனைப் பக்கத்து அறையில் கைபேசியோடு உட்காரவைத்தாள். அழைப்பு வந்ததும் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

“அண்ணே, சாதாரணமா மூச்சு விடு.”

“எது சாதாரணம்னே மறந்துபோச்சு. நீ கொக்கு மாதிரி உத்துப் பாத்தா எங்கேருந்து மூச்சு வரும்?”

“அப்ப வேற எங்கயாவது பாரு.”

“எங்க பாத்தாலும் மூக்குதான் ஞாபகம் வருது. கைக்கு ஏதாவது வேல குடு தாயே. சும்மா உக்கார வெச்சு உயிர வாங்காத.”

சிரித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

தேர்வன்று திரையில் வந்தவர் ஒரு தையல்காரர். நுரையீரல் தொற்றுக்குப் பின் வீட்டில் தேறிவருபவர்.

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. மூச்சத்தானே எண்ணப்போற?” என்று விறைத்து உட்கார்ந்தார்.

“அது கிடக்கட்டும் ஐயா, முதல்ல நாடி. என் கை அங்க எட்டாது, நீங்கதான் பாக்கணும். கட்டைவிரலுக்குக் கீழ மணிக்கட்டுல ரெண்டு விரல வைங்க. துடிக்குதா? நான் போதும்ங்கிறவரைக்கும் எண்ணுங்க, நடுவுல பேசாதீங்க.”

அவர் குனிந்தார். எண்ணிக்கை தவறிவிடுமோ என்ற கவலையில் உதடுகள் அசைந்தன. விறைப்பு போய்விட்டது. சட்டையின் இரண்டாவது பொத்தான் வேகவேகமாக ஏறி இறங்கியது. ஒரு நிமிடம் முடிந்ததும் அவள் இருபத்தெட்டு என்று பதிந்து, மருத்துவர் இன்றே பார்க்க வேண்டும் என்று சேர்த்தாள். பட்டையும் அழைப்புக்கு முன்பிருந்தே அதே இருபத்தெட்டைத்தான் காட்டியிருந்தது. அவர் தன் நாடியை எண்ணினார். அந்த நேரத்தில் அவள் அவருடைய மூச்சை எண்ணினாள்.