ஒன்பது முதல் ஐந்து வரை நின்ற கடல்

காலை ஒன்பது மணிக்கு அவள் மடிக்கணினியைத் திறந்ததும் பாய்மரப் படகைச் சுற்றி அறுபது அடிக்குக் கடல் அசையாமல் நிற்கும்; மாலை ஐந்து மணிக்கு மூடியதும் மறுபடி ஆடத் தொடங்கும். ஒன்று முதல் ஒன்றரை வரை சாப்பாட்டு இடைவேளை என்பதால் அந்த அரை மணி நேரம் அலை வந்து போகும். ஞாயிறு விடுமுறை. அவள் ஒரு பேருந்து நிறுவனத்துக்குக் கால அட்டவணை போட்டுக் கொடுப்பவள். அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவே இருந்த மடக்கு மேசையில் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்தை எத்தனை மணிக்குத் தொட வேண்டும் என்று தீர்மானிப்பாள். முதல் வாரம் அவளும் கணவரும் இதைத் தற்செயல் என்று நினைத்தார்கள். இரண்டாவது வாரம் பழகிவிட்டது. மற்ற படகுக்காரர்களுக்கு அதைவிடச் சீக்கிரம் பழகியது. காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அக்கம்பக்கத்துப் படகுகளெல்லாம் அந்த வட்டத்துக்குள் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒருவர் கிழிந்த பாயைத் தைப்பார், ஒருவர் வர்ணம் அடிப்பார், ஒரு பல் மருத்துவர் நோயாளியையே கூட்டி வந்து கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனார். மேலாளர் மட்டும் திரையில் பார்த்து, "உங்க வீடு எவ்வளவு அமைதியா இருக்கு மேடம்!" என்பார். வீடு எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இதில் நஷ்டப்பட்டவர் கணவர் ஒருவர்தான். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். "மேல போயாச்சு, கீழ வந்தாச்சு, இனிமே பக்கவாட்டுல ஆடணும்" என்று சொல்லித்தான் வீட்டைக் காலி செய்துவிட்டுப் படகில் ஏறினார். ஆட்டம் இல்லாவிட்டால் மதியத் தூக்கம்கூட அவருக்கு வராது. காற்று இருக்கிறது, பாய் இருக்கிறது, படகு மட்டும் நகராது. சாப்பாட்டு இடைவேளையில் அவசர அவசரமாகப் பாயை ஏற்றுவார். ஒன்றரை மணிக்குப் படகு எங்கே நின்றதோ அங்கேயே மாலை வரை நிற்பார். "கட்டுமரமெல்லாம் நம்மளத் தாண்டிப் போகுது. நாம நடுக்கடல்ல ஆபீஸ் போட்டு உக்காந்திருக்கோம்" என்பார். அவளால் வேலையை விட முடியாது. அந்தச் சம்பளத்தில்தான் படகு மிதந்தது. ஆனால் ஐந்து மணிக்கு மேல் கணினியைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தாள். ஐந்துக்குப் பிறகு கடல் அவருடையது.

அந்த ஏற்பாட்டைக் கலைக்க நாத்தனார் வந்து சேர்ந்தார். பள்ளி ஆசிரியை, தம்பியைவிட ஆறு வயது மூத்தவர். ஒரு வியாழக்கிழமை இரண்டு பெட்டிகளோடு ஏறினார். திங்கட்கிழமை காலை அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவதாகப் பேச்சு. பகலெல்லாம், "விருந்தாளி வந்திருக்கேன், அந்தப் பெட்டியை மூடிட்டு வந்து உக்காரும்மா" என்று நச்சரித்தார். ஐந்து மணிக்கு மூடினாள். ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்கு நாத்தனார் குமட்டிக்கொண்டு வந்து வாளியைக் கட்டிக்கொண்டார்.

"அம்மாடி, உனக்குப் புண்ணியமாப் போகும். ஒரு அரை மணி ஓவர்டைம் பாரேன்."

"அதெல்லாம் முடியாதுக்கா. அஞ்சுக்கு மேல என் நேரம்."

"உன் நேரத்துல என் குடல் வெளிய வருதும்மா!"

அவள் வாக்கை மீறினாள். வியாழன் ஏழு மணி வரை, வெள்ளி எட்டு மணி வரை, சனி நாத்தனார் தூங்கும் வரை. அடுத்த மூன்று மாத அட்டவணையும் முடிந்துபோனது. மேலாளர் பாராட்டுக் கடிதம் அனுப்பினார். கணவர் பாயைச் சுருட்டி, உறை மாட்டி, இறுக்கிக் கட்டினார். பிறகு கரையைப் பார்த்தபடி, "படகை வித்துடலாம்மா" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் சமாளித்திருப்பாள்.

ஞாயிறு காலை கிளம்பியே ஆக வேண்டும். செய்வதற்கு வேலையும் மிச்சமில்லை. நாத்தனாரின் தொல்லை தாங்காமல் அவள் கணினியைத் திறந்து தன் பெயரையே நாற்பது முறை தட்டிப் பார்த்தாள். கடல் நிற்கவில்லை, வேலை எது, பாசாங்கு எது என்று அதற்குத் தெரிந்திருந்தது. அப்போதுதான் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு இரண்டாவது பெட்டியைத் திறந்தார். திருத்த வேண்டிய விடைத்தாள்கள் நூற்று நாற்பது. "வாந்தி எடுத்தாலும் நாளைக்கு மார்க் போட்டுக் குடுத்தாகணும்" என்று வாளியை ஒரு கையிலும் சிவப்புப் பேனாவை மறுகையிலும் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். முதல் தாளில் முதல் கோடு விழுந்ததும் ஆட்டம் நின்றது. கட்டிலுக்கு மட்டும். படகு சாய்ந்தது, தட்டுகள் உருண்டன, கட்டில் நேராக நின்றது.

கணவர் குனிந்து, கட்டிலுக்கும் தரைப் பலகைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். "நாலு விரல் இடைவெளி. லெவல் சரியா இருக்கு" என்றார். பிறகு மேலே போய் உறையை அவிழ்த்தார். அன்று முழுவதும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து பறந்தது. யார் மீதாவது இரக்கப்பட்டு நாத்தனார் ஒரு மதிப்பெண் கூட்டிப் போட்டால் கட்டில் குலுங்கும். உடனே அடித்துத் திருத்துவார். அந்த வருடம் அந்தப் பள்ளியில் ஒன்பது பேர் தோற்றார்கள்.

"எனக்கு மட்டும் ஏன்க்கா அறுபது அடிக்கு நிக்குது?" என்று அவள் கேட்டாள்.

"நீ வேலையையும் பாக்கற, இவன் மூஞ்சியையும் பாக்கற. வேலையை மட்டும் பாரு."

அதற்கு இரண்டு மாதம் பிடித்தது. வட்டம் முப்பது அடியானது, பத்தானது, கடைசியில் மேசையும் முக்காலியும் மட்டும் அசையாமல் நிற்க, படகு வாரம் முழுவதும் ஓடியது. பல் மருத்துவர் வருத்தத்தோடு கரைக்குத் திரும்பினார். விருந்தாளிகளை வேலையோடு வரச் சொன்னார்கள். சும்மா வந்தவர்களுக்கு வாளி கொடுத்தார்கள். கணவர் மட்டும் எந்த வேலையும் இல்லாமல் பதினோரு வருடம் ஆடிக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டாம் வருடம் நோயில் படுத்தார். அவள் மேசையை ஒட்டித்தான் படுப்பேன் என்றார். ஆனால் அவர் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்ய இப்போது அவளால் முடியவில்லை. வட்டம் மறுபடி விரிந்து, படகு நின்று, அவருக்குத் தூக்கம் போனது. அவள் விடுப்புக்கு எழுதினாள். காரணம் என்ற இடத்தில், "கணவருக்காகக் கடல் ஆட வேண்டியிருக்கிறது" என்று போட்டாள். மேலாளர் விளக்கம் கேட்காமல் பத்தொன்பது நாள் கொடுத்தார். கணவருக்குப் பதினெட்டு போதுமானதாக இருந்தது. மிச்சமிருந்த ஒரு நாளை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. அன்றும் கடல் ஆடியது.