அட்டையில் ஒரு சொட்டுப் பசை

...பசை இறுகியிருக்கும், இரவு முழுக்கக் கிடந்ததே, இறுகாமல் எங்கே போகும் என்று விளாஸ்தா தனக்குள் சொல்லிக்கொண்டாள், ஆனால் கோட்டுப் பைக்குள் போன கை பசைச் சொட்டு வைத்த அட்டைத் துண்டைத் தொடாமல் ஒதுங்கியே கிடந்தது. தேவாலயப் பீடத்தின் முன்னால் மணப்பெண் மண்டியிட்டிருந்தாள், தலையில் விளாஸ்தா படிகக்கல் பதித்த கிரீடம், அந்தத் தலை குனியும்போதெல்லாம் இவள் பார்வை தரைக்குப் போனது... ஒரு கல் உதிர்ந்து தரையில் உருண்டால் போதும், செக் நாட்டில் படிகக்கல்லால் சோறு தின்னும் இந்த யாப்லோனெட்ஸ் ஊரில் அந்தச் சத்தம் தெரியாத காது ஏது? மாமனார் காலம் தொட்டு தங்கள் பெலினா பட்டறையில் ஒட்டிய கல் விழுந்ததாக ஒருவரும் சொன்னதில்லை, இன்று சொல்வார்களோ?

பசையைத் தேர்ந்ததில் பிசகில்லை. நொடியில் ஒட்டும் பசையின் ஆவி பட்டால் கல் பனி மூடியதுபோல் வெளுத்துவிடும், ஐந்து நிமிடப் பசை நாளானால் மஞ்சளித்துப்போகும், அதனால்தான் இரண்டு குழாய்ப் பசை, சமமாகக் கலந்தால் மெல்ல இறுகும், ஆனால் கல்லின் அடியிலுள்ள வெள்ளிப் பூச்சைத் தின்னாது. இடுக்கி கீறிவிடும் என்று மெழுகு நுனிக் குச்சியால்தான் கற்களை எடுத்து வைத்தாள்... எல்லாம் முறைப்படிதான், கலந்ததைத் தவிர. "தராசுல வச்சுக் கலங்க அத்தை" என்று மருமகள் ராட்கா சொன்னபோது, "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கலந்த கை இது" என்று தராசைத் தள்ளிவிட்டது எதற்காக? தராசின் எண்ணைப் படிக்க முடியாமல், கண்ணில் படலம் விழுந்தது தெரிந்துவிடும் என்றுதானே, இரண்டு குழாயிலிருந்தும் பிதுக்கியவை சமமாக இருந்தனவா என்று அவளுக்கே தெரியாதே... மிஞ்சிய பசையை அட்டையில் ஒரு சொட்டு வைத்து, விடிந்ததும் நகத்தால் அழுத்தி, தடம் விழாவிட்டால்தான் நகை வாசல் தாண்டும், அது அந்த வீட்டு வழக்கம். இன்று அழுத்தவில்லை. ஜன்னலோரம் இருந்த அட்டையைப் பார்க்காமலே எடுத்துப் பைக்குள் போட்டாள்.

பின்பெஞ்சிலிருந்து எதிர்ப் பட்டறைத் திராகோமீரா குனிந்தாள். "என்ன விளாஸ்தா, கண்ணு அங்கேயே நிக்குது? கல்லு விழுந்தா நான் பொறுக்கித் தரேன், பயப்படாதே." விளாஸ்தாவின் அருகே அமர்ந்திருந்த ராட்கா திரும்பாமலே சொன்னாள்: "எங்க வீட்டுக் கல்லைப் பொறுக்கித்தானே பெரியம்மா உங்க பட்டறையே ஓடுது." பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். இந்த வீட்டுக்கு வந்தவள் இந்த வீட்டுக்காகப் பேசுகிறாள் என்று விளாஸ்தாவின் முதுகு நிமிர்ந்தது, அந்தத் தெம்பில் விரல் அட்டையைத் தொட்டது... சொட்டின் நடுவில் ஒரு பள்ளம், ஒல்லியான பிறைபோல. தன் நகமில்லை, அவள்தான் நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டுகிறவளாயிற்றே. அப்படியானால் விடியலில் அடுப்பு மூட்ட எழுந்த ராட்கா... அழுத்திப் பார்த்தவள், தடம் விழுந்ததைக் கண்டவள், ஒரு வார்த்தை சொல்லாமல் கிரீடத்தைப் பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டிக் கொடுத்தாளா? ஏன்? மாமியார் தலை குனியக் கூடாதென்றா, குனியட்டும் என்றா? ஆர்கன் முழங்கியது, மணப்பெண் எழுந்து கூட்டத்தின் பக்கம் திரும்பினாள், கிரீடம் சிலிர்த்தது. பக்கத்தில் ராட்காவும் மூச்சை நிறுத்தியிருந்தாள், கல் நிற்கட்டும் என்றா, விழட்டும் என்றா... அந்த முகத்தைத் திரும்பிப் பார்க்க விளாஸ்தாவுக்குத் துணிவு வரவில்லை.